பழைய டிராக்டர் ஹீட் ஆகிறதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டதும் நம் ஊரில் முதலில் கழற்றப்படுவது, சூடேறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு. அதிலும் தீராவிட்டால் ரேடியேட்டரை மாற்றுவார்கள். அப்புறம் சிலிண்டர்களின் மேல் இருக்கும் ஹெட்டைத் திறப்பார்கள். இந்த வரிசை அப்படியே தலைகீழ். காசு செலவில்லாத சோதனைகள் எல்லாம் வெளிப்பக்கம்தான் இருக்கின்றன. பல வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும்.

இங்கே அடிப்படையாக எடுத்துக்கொள்வது மாஸி பெர்குசன் 1035 போன்ற, சிம்ப்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின் வைத்த பழைய வண்டி. அதில் ஃபேனும், தண்ணீரைச் சுற்றவிடும் பம்பான வாட்டர் பாடியும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் சுற்றும். டைனமோவையும் அதே பெல்ட்தான் இழுக்கிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் அது பேட்டரிக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், அடுத்த சில நிமிடங்களில் தண்ணீர் கொதிக்கும். தண்ணீரில் குளிரும் மற்ற வண்டிகளுக்கும் சோதனை முறை இதேதான்.

சூடான வண்டியை நிறுத்தும் விதம்

பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் முழுக்கக் கொட்டியிருந்தாலோ உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். மற்ற நேரங்களில் பட்டென்று அணைப்பது தவறு. அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே தேங்கிக் கொதிக்கும். பின்னால் கருவியைச் சுழற்றும் பிடிஓவை விடுவித்து, கலப்பையைத் தூக்கி, 1000 ஆர்.பி.எம். அளவில் 3 முதல் 5 நிமிடம் ஓட விடுங்கள். முள் இறங்க ஆரம்பித்ததும் அணைக்கலாம்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்க அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். நனைந்த சாக்கைப் போட்டு, கால் சுற்றில் முதல் தடை வரும் இடத்தில் நிறுத்தி, சீறல் முழுக்க அடங்கிய பிறகு கழற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி ஹெட்டில் விரிசல் விட்ட வண்டிகள் எத்தனையோ. கை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு இறங்கியபின், எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

மீட்டர் சொல்வது உண்மையா?

முப்பது வருட மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. மெல்லிய செம்புக் குழாயுடன் வரும் பழைய வகையாக இருந்தால், அதன் குமிழைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் முக்குங்கள். சமவெளியில் 100 டிகிரி காட்ட வேண்டும். ஊட்டிப் பக்கம் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதை அங்குள்ளவர்கள் கணக்கில் கொள்ளவும். ஒயர் வைத்த வகை என்றால், எர்த் சரியில்லாவிட்டாலும் சென்சார் முனையில் துரு இருந்தாலும் அளவு மாறிக் காட்டும். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கிடைத்தால் வேலை சுலபம். ஆனால் பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் ஒரு துண்டு கருப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்து பாருங்கள். 80 முதல் 95 டிகிரி வரை இயல்பு, பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு வீண் பயமும் உண்டு. ரேடியேட்டரை வாய்வரை நிரப்பினால் சூட்டில் தண்ணீர் விரிந்து கொஞ்சம் வெளியே தள்ளத்தான் செய்யும். கழுத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே மட்டம் நிலைத்து, அதற்குமேல் குறையாவிட்டால் அது கோளாறே இல்லை.

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனியுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒருநாள் இதை மட்டும் கவனித்து எழுதிவைப்பது நல்லது. ரோட்டவேட்டரிலோ சேறடிப்பிலோ மட்டும் ஏறி, டிரெய்லரில் சும்மா போகும்போது இறங்கினால் காற்றோட்டம், அடைந்த ரேடியேட்டர், அல்லது வண்டிக்கு மீறிய பாரம். சும்மா நின்று ஓடும்போதே ஏறினால் பெல்ட், வாட்டர் பாடி, தெர்மோஸ்டாட். ரோட்டில் வேகம் எடுக்கும்போது மட்டும் ஏறினால் கீழ் ஹோஸ் அல்லது பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

முதலில் காற்று

ரேடியேட்டரின் முன்பக்கம் சுத்தமாகத் தெரிவதை வைத்து ஏமாற வேண்டாம். நெல் அடிக்கும்போது பறக்கும் தூசும் சுணையும் ஜாலிக்குப் பின்னால் தகடுகளின் இடுக்கில் போய் அடைகின்றன. ஒரு விளக்கைப் பின்னால் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள், வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு. காற்றோ தண்ணீரோ, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளேதான் போகும். வாகனம் கழுவும் பிரஷர் கன்னைக் கிட்டே வைத்தால் தகடுகள் மடங்கிவிடும், இரண்டடியாவது தள்ளிப் பிடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசு ஒட்டியிருந்தால் சோப்புத்தூள் கரைசலில் ஊறவிட்டுக் கழுவுங்கள். அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விட்டால் ஒரே மாதத்தில் மறுபடி அடையும்.

பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும். இழுவை சரியாக இருந்தும் வழுக்கலாம். புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே பளபளப்பு இருந்தால் தேய்ந்த பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று பொருள். பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும், அடியில் தொடவே கூடாது. புதுப் பெல்ட்டும் அடியில் உட்கார்ந்தால் புல்லியே தேய்ந்துவிட்டது.

ஃபேன் இறக்கையைக் கழற்றி மாட்டிய பிறகு சூடு ஆரம்பித்ததென்றால், திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் ஃபேன் முன்னாலிருந்து காற்றை எஞ்சின் பக்கம் இழுக்கும், இறக்கையின் குழிந்த பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் மிகக் குறைவாக. எஞ்சின் ஓடும்போது ஒரு செய்தித்தாளை ரேடியேட்டரின் முன்னால் வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதைச் செய்யும்போது தோளில் துண்டு வேண்டாம், வேட்டியை மடித்துக் கட்டுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள தகரக் கூட்டை இடைஞ்சல் என்று கழற்றி எறிந்த வண்டிகளில் அதைத் திரும்ப மாட்டினாலே போதும். அது இல்லாவிட்டால் ஃபேன் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

பிறகு தண்ணீர்

மூடியில் ஆரம்பிக்கலாம், அதுதான் எல்லாவற்றிலும் விலை குறைவு. பழைய வண்டிகளில் பெரும்பாலும் 7 பி.எஸ்.ஐ. மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 110 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறும், வண்டியில் வேறெந்தக் குறையும் இருக்காது. அதற்காகக் கார் மூடியை வாங்கி மாட்டாதீர்கள். 13, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பழைய ஈய ஒட்டு தாங்காது. வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பி ஒட்டிக் கிடந்தால் மூடியின் நடுவில் உள்ள சிறிய வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கீழ் ஹோஸ் வாட்டர் பாடி உறிஞ்சும் பக்கம். உள்ளே ஸ்பிரிங் இல்லாத அல்லது துருப்பிடித்த ஹோஸ், ஸ்லோவில் நன்றாக இருக்கும், ஆக்ஸிலேட்டரை 1800க்கு ஏற்றினால் சப்பிப்போய் வழியை அடைக்கும். ஒருவர் ஏற்ற, இன்னொருவர் பார்த்தால் உடனே தெரியும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பானையில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி, அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதில் பொறித்திருக்கும் அளவில், பெரும்பாலும் 82 டிகிரியில், திறக்க ஆரம்பித்து, 95ஐத் தொடும்போது முழுக்கத் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் அதே அளவில் புதிது போடுங்கள். கழற்றி வீசிவிட்டு வெறுமனே ஓட்டுவதில் இரண்டு கெடுதல். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றிவரும், சூடு குறையாது. மற்றவற்றில் எஞ்சின் எப்போதும் ஆறிப்போய் ஓடும். டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் கலக்கும், லைனர் சீக்கிரம் தேயும். நல்ல தெர்மோஸ்டாட் போட்டும் சூடேறி, அது இல்லாமல்தான் அடங்குகிறது என்றால் ரேடியேட்டர் அடைந்திருக்கலாம்.

வாட்டர் பாடிக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு, பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கி ஃபேனே ரேடியேட்டரில் போய் மோதும். எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

நம் பகுதிகளில் பெரிய வில்லன் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரைப் பல வருடம் ஊற்றினால் குழாய்களுக்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் வெள்ளைப் படலம் கட்டும், சூடு தண்ணீருக்கே வந்து சேராது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, நடுப்பகுதி எல்லாவற்றையும் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே சூடாக இருந்து முள்ளும் உச்சியில் நின்றால் குறை காற்றில்தான், தண்ணீரில் இல்லை. மேலே கொதித்து, கீழே கை வைக்கும் அளவு ஆறியிருந்தால் தண்ணீர் மிக மெதுவாக ஓடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றியும் சோதிக்கலாம். கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, நிரப்பி, கையை எடுத்தால் தண்ணீர் குபுக்கென்று கொட்ட வேண்டும். ஒழுகினால் அடைப்பு.

லேசான படலத்துக்கு, 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து நிரப்பி, அரைமணி நேரம் சூடாக ஓட்டி, கொட்டிவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கழிவறை ஆசிட் ஒருபோதும் வேண்டாம், படலத்தோடு ரேடியேட்டரையும் தின்றுவிடும். எலுமிச்சை உப்பு போட்ட பிறகு புதிதாக ஒழுகல் தெரிந்தால் திகைக்க வேண்டாம், ஓட்டை முன்பே இருந்தது, சுண்ணாம்புதான் அடைத்து வைத்திருந்தது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் பிளக்கையும் மறக்காமல் திறங்கள். பெரும்பாலும் எதுவும் வராது, கம்பியை விட்டுக் குத்தினால் துருச்சேறு வரும். அது தேங்குவது கடைசி சிலிண்டரைச் சுற்றி, ஹெட் முதலில் வேகும் இடமும் அதுவே.

நிரப்பும்போது கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் (ஆசிட் அல்ல) சரிபாதி. கலந்தே வரும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மூடியைத் திறந்தே வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும், மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மீண்டும் ஊற்றுங்கள்.

குளிர்ச்சியில் குறையில்லை, சூடுதான் அதிகம்

நாற்பது எச்.பி.க்குக் குறைந்த வண்டியில் அகலமான ரோட்டவேட்டரைப் போட்டு, பெரிய கியரில் எஞ்சின் முக்க முக்க ஓட்டினால் எந்த ரேடியேட்டரும் தாங்காது. ஆர்.பி.எம். இறங்கும்போது ஃபேனும் வாட்டர் பாடியும் சேர்ந்தே மெதுவாகின்றன. ஒரு கியர் குறைத்து, சுற்றை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் வகை ஃபில்டரில் கிண்ணத்தில் குறி வரை ஆயில் இருக்க வேண்டும். புழுதி உழவில் தினமும் பார்த்து, சேறாகியிருந்தால் மாற்றுங்கள். டீசல் பம்பைக் கழற்றி மாட்டிய பின் சூடும் வெண்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது. எரிய வேண்டிய டீசல் தாமதமாக எரிந்து சைலன்சர் பக்கம் சூட்டைத் தள்ளும். பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் பிரேக் பிடித்திருக்கிறதா என்பது தெரியும்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட்

ஆறிய எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு வாய்வரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். வாட்டர் பாடி சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் தொடர்ந்து குமிழ் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. இரண்டு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது. ஆயில் குச்சியில் மோர் போன்ற வெண்மை, வெளியே ஒழுகலே இல்லாமல் குறையும் தண்ணீர் ஆகியவை துணைச் சாட்சிகள்.

ஹெட்டை இறக்கினால் வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிட வேண்டாம். ஒருமுறை கொதித்த ஹெட் வளைந்திருக்கலாம். நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜால் அளந்து, மேனுவல் அளவைத் தாண்டினால் பரப்பைச் சீவி மட்டமாக்கும் ஃபேசிங் கொடுங்கள். வால்வுகளுக்கு நடுவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பட்டறையில் பிரஷர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஓட்டி மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியைத் திரும்ப வைத்த பிறகு வயலில் இறக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் பாதிப் பாரத்தில் ஓட்டி, ஆறவிட்டு, தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்.