லாங்-ஈஸி கட்டப் போகிறீர்களா? எபாக்ஸியை முதலில் பழகிக்கொள்ளுங்கள்

அலுமினியத்தில் விமானம் கட்டினால் தகட்டின் பலத்துக்கு அதைத் தயாரித்த ஆலை பொறுப்பு. பர்ட் ரூட்டன் 1970களில் கலிபோர்னியாவின் மொஹாவியில் வடிவமைத்த, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வேரிஈஸி, லாங்-ஈஸி விமானங்களில் அந்தப் பொறுப்பு கட்டுகிறவர் தலையில்தான். அச்சு எதுவும் கிடையாது. நுரைக் கட்டையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, மேலே கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்ஸியில் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பிசின்) நனைக்கிறீர்கள், அது இறுகியதும் இறக்கை. ஆக, இறக்கையின் பலம் எபாக்ஸி கலக்கும் உங்கள் பேப்பர் கப்பிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அதனால் எடை போடுவதில் கறாராக இருங்கள். ஏரோபாக்ஸி என்ற எபாக்ஸி பிராண்டின் பிஆர் 2032 ரெசினுக்கு பிஎச் 3660 ஹார்டனர் எடையில் 100க்கு 27, கொள்ளளவில் 3க்கு 1. இந்த இரண்டு கணக்கையும் கலந்துவிடாதீர்கள். 150 கிராம் ரெசின் எடுத்தால் ஹார்டனர் 40.5 கிராம், அதற்கு தசமம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுகிறார்கள் சிலர், படகு வேலையில் பாலியஸ்டர் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம். எபாக்ஸியில் அது செல்லாது. ரெசினும் ஹார்டனரும் சரியான விகிதத்தில் ஒன்றோடொன்று இணைய வேண்டும், மிஞ்சியது உள்ளேயே தங்கிப் பலத்தைக் குறைக்கும். வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்டனரை வாங்குங்கள்.

மெழுகு பூசாத கப்பில், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து, குறைந்தது இரண்டு நிமிடம் கலக்குங்கள். ஒரே கப்பில் நிறைய கலக்கினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். அப்படி ஆனால் கப்பை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், அதை விமானத்தில் பயன்படுத்தவே கூடாது. அறை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் நல்லது. குளிரில் ரெசின் கெட்டியாகி துணிக்குள் இறங்காது, நாமும் மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருப்போம்.

நுரையைப் பற்றி ஒன்று. கம்பியால் அறுப்பது பாலிஸ்டைரீனை மட்டுமே. யூரித்தேன் நுரையில் சூடான கம்பி பட்டால் விஷவாயு வரும், அதைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் வடிவமாக்குங்கள். பாலிஸ்டைரீன் மேல் பாலியஸ்டர் ரெசினோ அசிட்டோனோ பட்டால் கரைந்துவிடும்.

சரி, துணி போடும் நேரம். எபாக்ஸியோடு கொள்ளளவில் ஏறக்குறைய சம அளவு மைக்ரோபலூன் (உள்ளே வெற்றான நுண்ணிய கண்ணாடி உருண்டைத் தூள்) கலந்த குழம்பை முதலில் நுரைமேல் தடவுங்கள். இல்லாவிட்டால் நுரையின் துளைகள் வெறும் எபாக்ஸியைக் குடித்து எடை ஏறிவிடும். துணிக்கும் துணிக்கும் நடுவில் மட்டும் இந்த மைக்ரோ குழம்பு வரவே கூடாது. இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று வரைபடம் சொல்கிறதோ அப்படியே விரித்து, எபாக்ஸி ஊற்றி, ஸ்க்வீஜியால் (வழித்துத் தள்ளும் பட்டை) நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே காற்று. பளபளவென்று தேங்கி நின்றால் எபாக்ஸி அதிகம். நெசவின் மேடுபள்ளம் தெரிந்தபடி, முழுக்க நனைந்து இருக்க வேண்டும். இறுகிய அடுக்கின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் கண்ணாடியாக இருந்தால் கைவேலைக்கு அது நல்ல வேலை. கூடுதலாக ஊற்றும் எபாக்ஸி பலம் தராது, கூடவே பறக்கும் சுமை அது.

பின்னால் இன்னொரு அடுக்கு ஒட்டப் போகும் இடங்களில் பீல் ப்ளை (இறுகியபின் உரித்தெடுத்துவிடும் துணி) போட்டுவிடுங்கள், பிறகு உப்புத்தாள் போட்டு மாளாது. சில மணி நேரத்தில் அடுக்கு தோல் மாதிரி வளையும் பதத்துக்கு வரும், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியைக் கூரான பிளேடால் அப்போதே வெட்டிவிட வேண்டும். விட்டால் மறுநாள் ரம்பம்தான். ஈரப்பதம் அதிகமான நாளில் மேலே பிசுக்குப் படலம் வரலாம், அதைத் தண்ணீரால் கழுவிவிட்டு அப்புறம் தேயுங்கள்.

தோலில் படவே விடாதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கும், பாதி கட்டிய விமானத்தை விற்கவேண்டி வரலாம். நைட்ரைல் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள், தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும், அசிட்டோன் போட்டுத் துடைக்கவே வேண்டாம். உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம்.

ஒவ்வொரு கப்பின் மிச்சத்தையும் தேதியும் பாகமும் எழுதி எடுத்து வையுங்கள். ஹார்டனருக்குச் சொல்லியிருக்கும் நேரம் முழுதாகக் கழிந்தபின்னும் அதில் நகம் இறங்கினால், அந்தக் கப்பிலிருந்து போன அடுக்கை உரித்தெடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.