ஆக்சலாட்டல் வளர்ப்பு: தண்ணீரில் நடக்கும் தவறுகள்

ஆக்சலாட்டல் என்பது வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் ஒரு வகை சாலமாண்டர்; தவளை போல நீர்நில வாழ்வன இனம். அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தென்பக்கத்தில் இருக்கும் சோச்சிமில்கோ. கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரம். தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட உயிரைத் தங்கமீன் போல நினைத்து, சென்னை வெயிலில் சாதாரணத் தொட்டியில் விடுவதுதான் பெரிய தவறு. அதற்கு ஏற்றது 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினால் சாப்பிட மறுக்கும், நோயும் எளிதில் தொற்றும். மின்விசிறி சில டிகிரிதான் குறைக்கும். ஐஸ் கட்டி போட்டால் வெப்பம் இறங்கி ஏறி அதை இன்னும் வாட்டும். சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி, வாங்க முடியாவிட்டால் ஆக்சலாட்டலையும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது, தொட்டியையும் உயிரையும் ஒரே நாளில் வாங்கி வருவது. கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 8 வாரம் ஆகும். அந்த வாரங்களில் வெறும் தொட்டியில் அமோனியா சேர்த்து பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் விடலாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அமோனியா கண்ணுக்குத் தெரியாது. வெப்பமும் பிஹெச்சும் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஏற ஏற அதன் விஷமும் கூடும்.

அப்புறம், அக்கறையோடு செய்யும் ஒரு தவறு: ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கழுவுவது. குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழியுங்கள், போதும். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும். மொத்தத் தண்ணீரையும் மாற்றாமல் வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றுங்கள்; புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் டீகுளோரினேட்டர் கலந்திருக்க வேண்டும். சுத்தம் என்று நம்பி வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் தாதுக்களே இருக்காது. ஆக்சலாட்டலுக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துவரும்.

தரையில் கூழாங்கல் வேண்டாம். ஆக்சலாட்டல் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை. வாயைத் திறந்து உறிஞ்சும். புழுவோடு கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். தரையை வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் மிக நைசான மணல். கூட மீன் விட்டால், ஆக்சலாட்டலின் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செவுளை அது கடிக்கும். இமை கிடையாது என்பதால் பளிச்சென்ற விளக்கும் ஆகாது.

செவுளில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தாலோ, வால்நுனி சுருண்டாலோ உடனே மருந்து ஊற்றாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியா தெரிந்தால், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய தனி டப்பாவுக்கு மாற்றி, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றிக்கொண்டே தொட்டியைச் சரிசெய்யுங்கள்.