‘பிறகு பார்த்துக்கொள்ளலாம், அக்கா’: சபையில் உதவி செய்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் சபையின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உதவிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஆராதனை முடிந்து படியிறங்கிய ஓர் அக்காவின் கையில் உறை ஒன்றைத் திணித்தார். அக்கா தயங்கினார். “வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் தம்பி, சிரித்த முகத்தோடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் இதே படிக்கட்டின் அடியில், இதே வார்த்தையை, இதே சிரிப்போடு நானும் சொல்லியிருக்கிறேன்.

உதவி நிதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் எனக்கு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. புறம் பேசாதே, பெருமை பாராட்டாதே என்பதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்கப்போவதில்லை. நல்ல மனதோடு செய்து, அதனாலேயே உறவு முறியும் காரியங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

கேட்காமல் வாங்கிப் போவது

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு சகோதரியை மருத்துவமனையில் பார்க்க மூன்று குடும்பங்களாகப் போனோம். ஒருவர் ஆரஞ்சுப் பழம், ஒருவர் இளநீர். நான் என் வீட்டு மரத்தில் பழுத்த நட்சத்திரப் பழத்தைப் பெருமையோடு பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தாதி பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஆரஞ்சிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கி இதயத்தைத் தாக்கும். நட்சத்திரப் பழம் அதைவிட மோசம். அதிலுள்ள நஞ்சு வெளியேற வழியில்லாமல் மூளையைப் பாதித்து, விக்கலில் தொடங்கி உயிரையே வாங்கக்கூடும். ஜெபிக்கப் போன இடத்தில் விஷத்தை நீட்டியிருக்கிறேன். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

கடனா, காணிக்கையா என்று சொல்லாமல் கொடுப்பது

இதுதான் நான் செய்ததிலேயே அதிக விலை கொடுத்த தவறு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, முக்கியமாக என் மேல்.

லோரி ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். வேலை செய்த கம்பெனி மூடிவிட்டது. மூன்று மாத வாடகை பாக்கி. அடுத்த கட்டம் ஆலோங்கிடம், அதாவது வட்டி முதலையிடம், போவதுதான் என்ற நிலை. குழு கூடி 2,400 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்க முடிவு செய்தது. சபைப் படிக்கட்டின் அடியில் நான்தான் கொடுத்தேன். அவர் கண் கலங்கி, “எப்போது அண்ணன்...” என்று ஏதோ கேட்க வாயெடுத்தார். அவர் சங்கடப்படக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டு, “முதலில் வாடகையைக் கட்டுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றேன்.

என் மனதில் அது காணிக்கை. குழுவில் ஒருவர் மனதில் கடன். கூட்டக் குறிப்பில் நான் எழுதி வைத்தது ‘உதவி’ என்ற ஒரே சொல். வாங்கியவர் என்ன நினைப்பார்? தன்மானமுள்ள மனிதர் கடன் என்றுதான் எடுத்துக்கொள்வார். “திருப்பித் தர வேண்டுமா?” என்று அவரால் கேட்க முடியாது; கேட்டால் தராமலிருக்க வழி பார்ப்பதுபோல ஆகிவிடும். எனக்கோ அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

நான்கு மாதம் கழித்துத் தேநீர் வேளையில் குழுவில் இருந்த அந்த ஒருவர், “தம்பி புதுக் கைப்பேசி வைத்திருக்கிறாரே, சபைப் பணம் என்ன ஆயிற்று?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம் எனக்கே ‘அதுதானே’ என்று தோன்றியது; அதை மறைக்க மாட்டேன். மாலைக்குள் பேச்சு தம்பியின் மனைவி காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு முதல் அந்த வரிசையில் நான்கு நாற்காலிகள் காலி. ரவாங்குக்கு வீடு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாலை என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவர்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல், சட்டைப் பையிலிருந்து ஓர் உறையையும் ஒரு 555 நோட்டையும் எடுத்தார். மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டு. ஒவ்வொரு வரியிலும் மாதமும் தொகையும். ஐம்பது. முப்பது. ஐம்பது. ஜனவரிக்கு நேரே ‘பள்ளிச் செலவு, இல்லை’ என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் கூட்டுத்தொகை 1,870.

“மீதி 530 வெள்ளியை டிசம்பருக்குள் தந்துவிடுகிறேன், அண்ணன்.”

அது கடன் இல்லை, தம்பி, என்றேன். அவர் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. இடையில் அவருடைய மகள் டெங்கியில் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பாக்கி வைத்திருப்பவன் எந்த முகத்தோடு ஜெபிக்கக் கூப்பிடுவது என்று இருந்துவிட்டாராம். இப்போது ரவாங்கிலேயே வேறொரு சபைக்குப் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொடுத்தனுப்புவார்கள். பழைய வரிசையில் வந்து உட்காருவதில்லை.

அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினோம். எருசலேம் சபைக்குத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குறை சொல்லாதபடி கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் அந்தக் கணக்குப்பிள்ளை முகத்தைப் பார்க்கலாம். எனவே நாங்களும் இருவராகப் போகிறோம். வாசலிலோ படிக்கட்டிலோ கொடுப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து கொடுக்கிறோம். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: ‘இது சபையார் தந்தது. திருப்பித் தர வேண்டியதில்லை.’ அதையே வாய்விட்டும் சொல்கிறோம். கூட்டக் குறிப்பிலும் அதே சொற்கள்தான்.

நிதியிலிருந்து கடன் கொடுப்பதே இல்லை. தனிப்பட்ட முறையில் யாராவது கடன் கொடுக்க விரும்பினால் அது அவர்கள் இருவர் பாடு; ஆனால் தொகையையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கட்டாயம் சொல்வேன். “ஒரே குடும்பமாக இருந்துகொண்டு எழுதி வாங்குவதா?” என்று மூப்பர் ஒருவர் முகம் சுளித்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பாட்டிமார் சொன்னது குடும்பத்தைப் பார்த்துத்தானே, ஐயா?

இன்னொன்று. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் ஆறாம் அதிகாரமே, மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் ‘பாரம்’ என்பதால் முரணாகத் தெரியும். கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள்: முன்னது ஆளை அழுத்தும் பெருஞ்சுமை, பின்னது ஆளுக்கு ஆள் தூக்கும் மூட்டை. வேலை போனதால் சேர்ந்த வாடகை பாக்கி முதல் வகை. மாதா மாதம் வரும் தொலைக்காட்சிச் சந்தா இரண்டாவது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் கொடுத்துப் பழக்கினால் குழு மூன்று மாதத்தில் சலித்துவிடும். சலித்துப்போன குழு பேசும் பேச்சு கேட்கச் சகிக்காது.

சபைக்குள் கூட்டு பிடிப்பது

வேண்டாம். மாதா மாதம் பணம் போட்டு ஏலத்தில் எடுக்கும் இந்தச் சீட்டைத் தடைசெய்யும் சட்டம் மலேசியாவில் 1971 முதல் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் நடுவில் நின்றுவிட்டால் மகளிர் சங்கமே இரண்டாகப் பிளக்கும்.

முதல் மாதம் ஊர்வலம், ஆறாம் மாதம் ஆளில்லை

டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் யாராவது கார் எடுத்தாக வேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. நாங்கள் முதலில் “யாருக்கு வசதியோ அவர்கள்” என்று விட்டோம். நாங்கள் அழைத்துப்போன அங்கிள் ஒருவர், டயாலிசிஸ் மையத்தில் குளிரும் என்று மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, அடுக்குமாடியின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் மற்ற இருவர் போவார்கள் என்று நினைத்துவிட்டோம். அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு டாக்சி பிடித்துப் போனார். கேட்டதற்கு, “உங்களுக்கும் வேலை இருக்குமே” என்றார்.

இப்போது நான்கு குடும்பம், ஆளுக்கு ஒரு வாரம். வர முடியாதவர்தான் மாற்று ஆளைத் தேட வேண்டும். நோயாளி யாரிடமும் தொலைபேசியில் கெஞ்சும் நிலை வரக் கூடாது.

துக்க வீட்டில் சபைக் கொடி நாட்டுவது

நம் குடும்பங்களில் அண்ணன் கத்தோலிக்கர், தம்பி மெதடிஸ்ட், தங்கை பெந்தெகொஸ்தே. மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பில் கத்தோலிக்க ஆயர்களும் மற்றச் சபைத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். இங்கே சவப்பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி ஜெபம் யாருடையது என்று குசுகுசுக்கிறோம். வீட்டார் யாரைக் கேட்கிறார்களோ அவர் ஜெபிக்கட்டும். மற்றவர்களுக்கு அடுக்கி வைக்க நாற்காலிகள் இருக்கின்றன.

கொடுக்கும்போது படம் எடுப்பது

கூடாது.

சொல்ல மறந்ததைச் சொல்லாமலே விடுவது

கார் நிறுத்துமிடத்துத் தம்பியிடம் அன்றே பேசினேன். முதலில் முகம் வாடினார், பிறகு கேட்டுக்கொண்டார். புதன்கிழமை மாலை இருவருமாக அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். பதினான்காம் மாடி, மின்தூக்கி ஒன்றுதான் ஓடியது. தம்பி சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், அரிசி டின்னுக்குள் கையை விட்டு உறையை எடுத்து வந்தார். ஒட்டிய பசை பிரியாமல் அப்படியே இருந்தது.

“எப்படித் திருப்புவது என்று தெரியாமல் எதற்குத் திறப்பது என்று வைத்துவிட்டேன்” என்றார்.

மேசையில், சர்க்கரை டப்பாவின் கீழே, மின்கட்டணத் துண்டிப்பு அறிவிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது.