டெக்சாஸில் கல்யாண விருந்துக்கு பார்பிக்யூ: தலைக்கணக்கை விட்டு எடைக்கணக்கில் வாங்குவது எப்படி

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் நம் வீட்டுக் கல்யாணங்கள் பல இப்போது இரண்டு கட்டமாக நடக்கின்றன. காலையில் கோயிலில் முகூர்த்தமும் சைவச் சாப்பாடும் முடிந்துவிடும். மாலையிலோ மறுநாள் மதியத்திலோ பூங்கா கூரைக் கொட்டகையில், அல்லது வீட்டுக் கொல்லையில், நண்பர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் ஒரு எளிய விருந்து. பியர்லாந்து மீனாட்சி கோயில் போன்ற இடத்தில் முகூர்த்தம் என்றால் அங்கே இறைச்சிக்கு இடமில்லை. விறகுப் புகையில் வேகவைத்த இறைச்சி விருந்தான பார்பிக்யூவுக்கு வேறு இடம்தான். ஆகவே முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு கேட்டரரிடம் பேசுங்கள். இடத்தைப் பொறுத்துத்தான் விலையே மாறும்.

எந்தக் கேட்டரரைக் கூப்பிட்டாலும் முதலில் சொல்வது தலைக்கணக்குதான்: இரண்டு வகை இறைச்சி, மூன்று சைட் டிஷ், பன், ஊறுகாய் வெள்ளரி, சாஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு இத்தனை டாலர். எல்லாரும் இறைச்சி சாப்பிடும் கூட்டத்துக்கு அது நியாயமான கணக்கு. நம் கூட்டம் அப்படியில்லை. நூறு பேரில் முப்பது பேர் சைவம், இருபது பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், பதினைந்து பேர் குழந்தைகள். சைவக்காரர் தட்டில் கோல்ஸ்லாவும் (முட்டைக்கோஸ் சாலட்) பன்னும் மட்டும் இருக்கும். அவருக்கும் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) விலையைத்தான் கட்டுகிறீர்கள். நம் ஆட்களுக்கு பார்பிக்யூ விலை ஏறுவதற்கு முதல் காரணம் இதுதான். அதனால் இறைச்சியைப் பவுண்டிலும், சைட் டிஷ்ஷைக் கேலனிலும் கேளுங்கள். பெரும்பாலான டெக்சாஸ் கடைகள் கவுன்ட்டரில் எடை போட்டுத்தான் விற்கின்றன. அதே முறையில் மொத்தமாகத் தரவும் செய்வார்கள், நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் வருகிறார்கள்: இறைச்சி சாப்பிடும் பெரியவர்கள் 55, குழந்தைகள் 15, சைவம் 30. சமைத்த இறைச்சி பெரியவருக்கு 0.4 பவுண்ட், குழந்தைக்கு 0.2 பவுண்ட் போதும். 22-ம் 3-ம் சேர்த்து 25 பவுண்ட். அதில் பிரிஸ்கெட் 8, எலும்பில்லாத கோழி 11, வான்கோழி 6 என்று பிரியுங்கள். பிரிஸ்கெட் பவுண்டுக்கு 30 டாலர், கோழி 20, வான்கோழி 28 என்று வைத்தால் 628 டாலர். ஒரு கேலன் சைட் டிஷ், ஆளுக்கு அரை கப் வீதம் 32 பேருக்கு வரும்; மூன்று வகைக்கும் சேர்த்து 10 கேலன் வாங்கினால் தாராளம். கேலன் 45 டாலர் என்றால் 450. பன், சாஸ், தட்டு, கரண்டிக்கு 60. மொத்தம் 1,138. விற்பனை வரி மாநிலத்துக்கு 6.25 சதவீதம், உள்ளூர் வரி அதிகபட்சம் 2 சதவீதம், ஆக 8.25 சதவீதம் போட்டாலும் 1,232-க்குள் அடங்கிவிடும். வெட்டிப் பரிமாறும் ஒரு ஆளின் கூலி 200, சைவ உணவுக்கு 250 சேர்த்தால் 1,700-ஐத் தொடாது.

அதே கூட்டத்துக்குத் தலைக்கணக்கில் பெரியவருக்கு 22, குழந்தைக்குப் பாதி என்று போட்டால் 2,035. அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம், வரி எல்லாம் ஏறினால் 2,500-ஐத் தாண்டும். அதிலும் சைவத்துக்கு உருப்படியாக ஒன்றும் இருக்காது. உங்கள் ஊர் விலை இதைவிடக் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதி வாங்குங்கள்: எடை என்பது சமைத்த எடையா, பச்சை எடையா? கொழுப்பு நறுக்கி, புகையில் வேகும்போது நீர் வற்றி, பிரிஸ்கெட் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். 14 பவுண்ட் பச்சைத் துண்டு 7 பவுண்டாக வந்து நிற்கும். "25 பவுண்ட்" என்று மொட்டையாக ஒப்புக்கொண்டு, பந்தியில் பாதிக் கூட்டத்துக்குத் தீர்ந்துபோவது இதனால்தான்.

பிரிஸ்கெட்டை ஏன் இவ்வளவு குறைத்துப் போட்டோம்? மாட்டின் நெஞ்சுப் பகுதியிலிருந்து வரும் அந்தத் துண்டு 225 முதல் 275 டிகிரி பாரன்ஹீட் புகையில் 10 முதல் 14 மணி நேரம் கிடக்க வேண்டும். நடுவில், உட்சூடு 150-லிருந்து 165-க்குள் வரும்போது, ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விப்பதால் மணிக்கணக்கில் சூடு ஏறாமல் நின்றுவிடும். அதைக் கடந்து 200-ஐ ஒட்டி வந்தால்தான் இணைப்புத் திசு கரைந்து மெத்தென்று ஆகும். விறகு, ஆள், இரவுத் தூக்கம் எல்லாம் அதன் விலைக்குள் இருக்கிறது. டெக்சாஸில் பார்பிக்யூ என்றால் பிரிஸ்கெட்தான். 1999-ல் மாநிலச் சட்டமன்றத்தில் லாக்ஹார்ட் ஊருக்குப் பார்பிக்யூ தலைநகரம் என்று தீர்மானமே போட்டார்கள். ஆகவே அதை விட்டுவிடச் சொல்லவில்லை. அமெரிக்க நண்பர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிடும் அளவுக்கு நல்லதாக வாங்குங்கள். வயிறு நிறைவதைக் கோழி பார்த்துக்கொள்ளட்டும்.

கோழியில் தோலோடு இருக்கும் பாதிக் கோழி வேண்டாம். மூடிய டிரேயில் ஆவி பட்டு அந்தத் தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். எலும்பில்லாத தொடைக்கறி, இல்லையென்றால் பிய்த்த கோழி வாங்குங்கள். இரண்டும் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் கெடாது. வான்கோழி நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் கொஞ்சம் வெண்ணெயும் சாறும் ஊற்றி இறுக்கமாக மூடித் தரச் சொல்லுங்கள்.

சைவப் பகுதியில்தான் பெரும்பாலும் மோசம் போகிறோம். மெனுவில் பீன்ஸ் என்று போட்டிருக்கும். பானைக்குள் பன்றி பேக்கனோ பிரிஸ்கெட் ஓரத் துணுக்கோ கிடக்கும். பச்சை பீன்ஸ் பொரியல் மாதிரி தெரியும், அதிலும் பேக்கன் இருக்கலாம். கார்ன் பிரெட்டில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு. உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை, கோல்ஸ்லாவின் மயோனைஸிலும் முட்டை. "சைவமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆமாம், காய்கறிதான்" என்று நல்லெண்ணத்தோடுதான் பதில் வரும். ஒவ்வொரு பெயரையும் சொல்லி, இதில் இறைச்சி, கொழுப்பு, எலும்புச்சாறு, முட்டை உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். புகை போட்ட சோளமும் காளானும் தருவார்கள் என்றால், ஸ்மோக்கரில் (புகையில் வேகவைக்கும் அடுப்பில்) அவை எந்தத் தட்டில் இருக்கும் என்று விசாரியுங்கள். இறைச்சிக்குக் கீழ்த்தட்டில் வைத்தால் கொழுப்பு சொட்டும்.

இந்தத் தலைவலிக்கு எளிய மருந்து, சைவத்தைப் பார்பிக்யூக்காரரிடம் கேட்காமலே இருப்பதுதான். பக்கத்து இந்திய உணவகத்தில் காய்கறி பிரியாணி, பனீர் டிக்கா, தயிர் சாதம் டிரே கணக்கில் சொல்லிவிடுங்கள். முப்பது சைவக்காரர் என்றால் 45 பேர் அளவு வாங்குங்கள். பனீரைப் பார்த்தால் இறைச்சி சாப்பிடுகிறவர்களும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். தயிர் சாதத்தைக் கட்டாயம் ஐஸ் மேல் வையுங்கள்.

ஹலால் வேண்டியவர்கள் இருந்தால் ஹூஸ்டன், டாலஸ் வட்டாரங்களில் ஹலால் ஸ்மோக் ஹவுஸ்களே இருக்கின்றன. மொத்த விருந்தையும் அங்கேயே சொல்வது சுலபம். சாஸேஜ் மட்டும் எங்கே வாங்கினாலும் இருமுறை கேளுங்கள். மாடு, பன்றி இரண்டும் கலந்து அரைப்பது சகஜம். கோழி சாஸேஜ்கூட பன்றிக்குடல் உறையில் அடைத்திருக்கலாம்.

இனி கடை தேடுவது. செலவு குறைந்த வரிசையில் சொன்னால்: எச்-இ-பி அங்காடிகள் சிலவற்றுக்குள் இயங்கும் ட்ரூ டெக்சாஸ் பார்பிக்யூ மாதிரி கவுன்ட்டர்கள், பல கிளை வைத்த சங்கிலிக் கடைகள், ஒற்றைக் குடும்பம் நடத்தும் ஸ்மோக் ஹவுஸ், டிரெய்லரோடு வந்து அங்கேயே பரிமாறும் கேட்டரர். பத்திரிகைப் பட்டியல்களில் வரும் புகழ்பெற்ற கடைகளை இந்த விருந்துக்குத் தேடிப்போக வேண்டாம். கேட்டரிங் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர்கள் சரக்கு அன்றே விற்றுத் தீர்ந்துவிடும், பேரம் பேச அவர்களுக்கு அவசியமே இல்லை. சனிக்கிழமை விருந்தையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள்: ஸ்மோக்கரில் இடம் அளவானது, சனிக்கிழமை அந்த இடம் கவுன்ட்டர் விற்பனைக்கே போதாது. ஞாயிறு மதியமோ வெள்ளி மாலையோ என்றால் விலையும் இறங்கும், கவனிப்பும் கூடும். ஞாயிறு மூடியிருக்கும் கடைகளும் உண்டு, தேதி வைக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார இறுதியில் போட்டிகளுக்குச் சமைக்கும் நண்பர் ஒருவர் மலிவாகச் செய்து தருகிறேன் என்பார். கை நன்றாகவே இருக்கலாம். ஆனால் உணவு உரிமமும் காப்பீடும் இல்லாதவரைப் பல பூங்காக்களும் மண்டபங்களும் உள்ளேயே விடாது. காப்பீட்டுச் சான்றிதழை முன்கூட்டியே கேட்கும் இடங்கள் நிறைய. கோடையில் கவுன்ட்டி நிர்வாகம் தீ மூட்டத் தடை போட்டிருந்தால் விறகு ஸ்மோக்கரை அங்கே பற்றவைப்பதிலும் சிக்கல் வரலாம். சமைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் முறையில் இந்தத் தொல்லை கிடையாது.

ருசி பார்க்கப் போகும்போது கல்யாணம் என்று சொல்லாமல் அரைப் பவுண்ட் பிரிஸ்கெட் வாங்குங்கள். ஒரு துண்டை அங்கேயே பாருங்கள். பென்சில் கனத்துக்கு வெட்டிய துண்டை ஒரு விரலின்மேல் நடுவாக வைத்தால் இரண்டு பக்கமும் வளைந்து தொங்க வேண்டும், அறுந்து விழக் கூடாது. இரு முனையையும் பிடித்து லேசாக இழுத்தால் பிரிந்துவர வேண்டும். ரப்பர் போல நீண்டால் வேகவில்லை. தொட்டதும் உதிர்ந்தால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. ஓரத்தில் ஓடும் இளஞ்சிவப்பு வளையம் வேகாத அடையாளம் அல்ல, புகையிலுள்ள வாயு தசை நிறமியோடு சேர்ந்து உண்டாவது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அந்தத் துண்டுகள் தட்டோரத்திலேயே கிடக்கும். மீதியைப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். பந்தியில் விருந்தாளிக்குக் கிடைக்கப்போவது அந்த ருசிதான். கடையில் அபாரமாக இருந்து வீட்டில் சக்கையாகிப்போகும் இறைச்சியை விட்டுவிடுங்கள்.

மின்னஞ்சலில் எழுத்தாக வர வேண்டியவை: சமைத்த எடை, இறக்கும் நேரம், டெலிவரிக் கட்டணம், சேவைக் கட்டணமும் டிப்ஸும் ஒன்றா வேறா, முன்பணம் எவ்வளவு, ரத்தானால் எவ்வளவு திரும்பும், கடைசி எண்ணிக்கை சொல்லும் நாள். ஏழிலிருந்து பத்து நாள் முன்னால் எண்ணிக்கை கேட்பார்கள். நம் வீடுகளில் "வருகிறோம்" என்று சொன்னவரோடு ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரும் வருவார்கள். அதற்காக இறைச்சியைக் கூட்டாதீர்கள். பிரியாணியில் ஒரு டிரே கூட்டினால் போதும், செலவும் கொஞ்சம்தான்.

பிரிஸ்கெட்டை முன்பே வெட்டி டிரேயில் அடுக்கித் தர விடாதீர்கள். வெட்டிய சில நிமிடங்களில் ஓரம் கறுத்து, ஈரம் போய்விடும். முழுத் துண்டாக, காகிதம் சுற்றியபடியே, சூடு காக்கும் பெட்டியில் வந்தால் மூன்று மணி நேரம் தாங்கும். அங்கே நின்று வெட்ட ஒருவரைக் கடையிலிருந்தே கேளுங்கள். மேலே கணக்கில் சேர்த்த 200 டாலர் இதற்குத்தான். துண்டின் தட்டைப் பகுதியிலும் கொழுத்த பகுதியிலும் நார் வேறு வேறு திசையில் ஓடும். நடுவில் துண்டைத் திருப்பிக்கொண்டு நாருக்குக் குறுக்கே வெட்டத் தெரிந்தவர் வேண்டும், இல்லையேல் நல்ல கறியும் வாயில் நூல் நூலாக இழுக்கும்.

பந்தியில் வரிசை வைப்பதில்தான் பாதிச் சேமிப்பு இருக்கிறது. தட்டு, பன், சைட் டிஷ் எல்லாம் முதலில், இறைச்சி கடைசியில், அதுவும் ஒருவர் எடுத்துப் போடும்படி. இறைச்சி முன்னால் இருந்து அவரவரே எடுத்தால், முதல் முப்பது பேர் இரட்டிப்பாக அள்ளிவிடுவார்கள். சைவ மேசை எதிர்ப்பக்கம், தனிக் கரண்டிகளோடு, பெயர்ச் சீட்டோடு இருக்கட்டும். அதை ஐந்து நிமிடம் முன்னால் திறந்துவிடுங்கள்.

முகூர்த்தத்துக்கு நேரம் தவறாதவர்கள்தான் விருந்துக்கு ஒரு மணி நேரம் தாமதிப்பார்கள். அழைப்பிதழில் 12 என்றால் உணவு 12:30-க்கு வந்து இறங்கட்டும். 15 டாலர் வெப்பமானி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: சூடான உணவு 140 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சேஃபிங் டிஷ்ஷின் (உணவைச் சூடாக வைத்திருக்கும் பாத்திரம்) அடித்தட்டில் வெந்நீர் ஊற்றித்தான் எரிபொருள் டப்பாவைப் பற்றவைக்க வேண்டும். அந்த டப்பா இரண்டு மணி நேர வகையா ஆறு மணி நேர வகையா என்று பாருங்கள். திறந்த பூங்காவில் காற்று அதை அணைத்துக்கொண்டே இருக்கும். காற்றடிக்கும் பக்கம் கனமான அலுமினியத் தாளை மடித்து மறைப்பாக நிறுத்துங்கள்.

சூடும் இல்லாமல் ஐஸும் இல்லாமல் வெளியே இருந்த உணவுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். டெக்சாஸில் மே முதல் செப்டம்பர் வரை மதிய விருந்துக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போகச் சின்ன டப்பாக்கள் முப்பது வாங்கி வைத்து, எல்லாரும் இரண்டாம் முறை எடுத்து முடித்தவுடனே சூட்டிலிருக்கும் மீதியைப் பிரித்துக் கட்டி ஐஸ் பெட்டியில் இறக்கிவிடுங்கள். புகைப்படம் எடுத்து முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.