சோளக்கொல்லையில் புல்லுக்கு மருந்தடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இனிப்புச் சோளம் பயிரிடும் நம்மவர் பலர், மருந்தடிக்கும் வேலையைச் செம்பனைத் தோட்டத்தில் கற்றவர்கள். அந்தக் கைப்பழக்கம் மதிப்புள்ளதுதான். ஆனால், புல் வளர்ந்து நிமிர்ந்த பிறகு அதன்மேல் அடித்துக் கருக்கும் மரத்தடி முறையை அப்படியே சோளத்துக்குக் கொண்டுவரும்போதுதான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

முதல் தவறு மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நிகழ்கிறது. கிளைபோசேட் பச்சைச் செடி எதையும் கொல்லும் என்பதால், இலையில் பட்டால் களையோடு சேர்ந்து சோளமும் கருகும். பயற்றங்காய்க்கும் நிலக்கடலைக்கும் பாதுகாப்பான புளூவாசிபோப், குவிசாலோபோப் போன்றவையோ புல்லினத்தையே குறிவைப்பவை; சோளமும் புல்லினத்தைச் சேர்ந்த பயிர்தான். அகன்ற இலைப் பயிருக்குத் தீங்கில்லை என்று கேள்விப்பட்டு அவற்றைச் சோளத்தில் அடிப்பவர் தம் பயிரையே அழிக்கிறார்.

இவற்றைவிடப் பரவலான தவறு காலம் தாழ்த்துவது. பெண்டிமெத்தலின், எஸ்-மெட்டோலாகுளோர் ஆகியவை முளைத்து வரும் களையைத் தடுக்குமே தவிர, வளர்ந்து நிற்கும் புல்லைக் கொல்வதில்லை. எனவே, பழைய களையை முழுவதும் அகற்றி, கட்டிகளை உடைத்துச் சமன்செய்த நிலத்தில், விதைத்த ஓரிரு நாளுக்குள், சோளமும் புல்லும் தலைகாட்டும் முன்பே அடித்துவிட வேண்டும். காய்ந்த மண்ணில் இம்மருந்து செயல்படாது. இலேசான ஈரம் தேவை. அதே சமயம், பிற்பகலில் கொட்டித் தீர்க்கும் மழை, குறிப்பாகப் பழைய ஈயச் சுரங்க மணல் நிலத்தில், மருந்தை விதை இருக்கும் ஆழத்துக்கே இறக்கிவிடக்கூடும். பெண்டிமெத்தலின் அடிப்பதானால், விதை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் ஆழத்தில், மண்ணால் நன்றாக மூடப்பட்டிருக்க வேண்டும். அடித்த சில நாளிலேயே மண்வெட்டியால் கொத்துவது, மேல்மண்ணில் படிந்த மருந்துப் படலத்தைக் குலைத்து, அடியிலுள்ள விதைகள் முளைக்க வழிவிடும். முதல் ஐந்தாறு வாரங்களில் களையோடு போட்டியிட்ட சோளம், பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் இழந்ததை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

அட்ரசின் என்னும் களைமருந்து பெரும்பாலும் அகன்ற இலைக் களைகளுக்கானது. புல்லை அது முளைப்பருவத்தில் மட்டுமே ஓரளவு அடக்கும். புல் மூன்று, நான்கு இலை விட்டபின் அளவைக் கூட்டி அடித்தால் பலன் கூடாது. மருந்து நிலத்தடி நீரில் கலப்பதும், அடுத்துப் போடும் வெள்ளரியும் பயற்றங்காயும் பாதிக்கப்படுவதுமே மிஞ்சும். முளைத்த புல்லுக்கு நிக்கோசல்பூரானும் தோப்ராமிசோனும் உண்டு. அவையும் புல் சிறிதாக இருக்கும்போதுதான் நன்றாக வேலைசெய்யும். இனிப்புச் சோள வகைகளில் சில நிக்கோசல்பூரானைத் தாங்காது என்பதால், முதலில் ஒரு வரிசையில் மட்டும் அடித்துப் பார்ப்பது நல்லது. கரிமப் பாஸ்பரஸ் பூச்சிமருந்தோடு அதைக் கலப்பதோ, இரண்டையும் அடுத்தடுத்து அடிப்பதோ பயிரைக் கடுமையாகத் தாக்கும்.

நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான சம்பாவ் புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளைபோசேட்டுக்கு மடியாத சம்பாவ் 1997இலேயே தெலுக் இந்தானில் பதிவானது. குளுபோசினேட்டுக்கும் பராகுவாட்டுக்கும் மசியாதவையும் இந்நாட்டில் கண்டறியப்பட்டன. ஒரே மருந்தைப் பருவந்தோறும் அடித்தால், அதற்குத் தப்பிய செடிகளின் விதையே அடுத்த பருவத்தில் நிலத்தை நிரப்பும். போத்தலின் பெயரை மாற்றுவது மருந்தை மாற்றுவதாகாது. லேபிளில் உள்ள வேதிப்பெயரையும், சோளத்துக்கு அது அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதையும் படித்தே வாங்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பராகுவாட் கொட்டகை மூலையில் இன்னும் இருந்தால், அதை எக்காரணம் கொண்டும் எடுத்து அடிக்கக் கூடாது.

கண்ணளவில் மருந்து ஊற்றுவதும் தவறே. பம்பில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் 100 சதுர மீட்டர் அடித்து, செலவான நீரை அளக்க வேண்டும். 4 லிட்டர் செலவானால் ஓர் எக்டருக்கு 400 லிட்டர். 16 லிட்டர் பம்பு 400 சதுர மீட்டருக்குப் போதும். லேபிளில் எக்டருக்கு 3 லிட்டர் மருந்து என்றிருந்தால், அந்தப் பம்புக்கு 120 மில்லிலிட்டர் ஊற்றினால் போதுமானது.