பரு மாத்திரையும் கல்யாணத் தேதியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகத்திலும் முதுகிலும் பெரிய பெரிய சீழ்க்கட்டிகளாக வந்து, வற்றும்போது குழி விழுந்து, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டும் அடங்காத பருவுக்குத்தான் ஐசோட்ரெட்டினாயின் எழுதுகிறார்கள். வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. தோலின் எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததிலிருந்து இன்றுவரை கடும் பருவுக்கு இதைவிட நீடித்த குணம் தரும் மருந்து வரவில்லை. ஆகவே பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. யாரோ சாப்பிட்ட அட்டையை மெடிக்கலில் காட்டி, "இதே மாதிரி ரெண்டு அட்டை குடுங்க" என்று வாங்கிப் போடும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. நாள், எடை, சாப்பாடு, கூடப் போடும் மற்ற மாத்திரைகள் இவற்றையெல்லாம் கணக்குப் பார்த்துத் தர வேண்டிய மருந்து இது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் தொடங்குவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று, ஐப்பசியில் பெண்ணின் முகத்தைப் பார்த்து வீட்டில் கவலை வருகிறது, மாத்திரை தொடங்குகிறார்கள். முதல் மாதத்தில் பரு குறையாது. சிலருக்குக் கூடவும் செய்யும். உதடு வெடித்து, கன்னம் உரிந்து நிற்கும் காலம் முகூர்த்தத்தோடு மோதும்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கரு தரித்தால் குழந்தையின் மூளை, இதயம், காது, முக எலும்பு ஆகியவை ஊனமாக உருவாகும் ஆபத்து மிக அதிகம். கருச்சிதைவும் ஆகலாம். குறைந்த அளவுதானே, சில நாள்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. அதனால்தான் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, சாப்பிடும் காலம் முழுக்க, கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு மாதம் வரை கர்ப்பம் ஆகவே கூடாது என்பது விதி. திருமணமான பெண்ணுக்கு முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்து, இல்லை என்று உறுதியான பிறகு, மாதவிடாயின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்குவார்கள். இரண்டு வகைக் கருத்தடை முறைகளைச் சேர்த்துக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள்.

நாளைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். தை 10-ல் கல்யாணம் என்றால் கார்த்திகை முடிவதற்குள் கடைசி மாத்திரை போட்டிருக்க வேண்டும். முழுச் சிகிச்சைக்கு ஆறு முதல் எட்டு மாதம் பிடிக்கும் என்பதால் சித்திரையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அவ்வளவு அவகாசம் இல்லையா? இப்போதைக்கு இந்த மாத்திரை வேண்டாம். பென்சாயில் பெராக்சைடு, அசெலாயிக் ஆசிட் போன்ற மேல்பூச்சுகளைக் கொண்டு சமாளிக்கலாம். நடுவில் திடீரென்று சம்பந்தம் கூடிவிட்டால், டாக்டரிடம் தேதியை மறைக்காமல் சொல்லி நிறுத்துங்கள். புகுந்த வீட்டில் "விசேஷம் உண்டா" என்று முதல் மாதமே கேட்கத் தொடங்குவார்கள். புதுப்பெண் ஒருத்தி அங்கே போய் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கணவருக்கு முன்பே தெரிந்திருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. தப்பித்தவறி நாள் தள்ளிப்போனால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

தம்பிக்கு எழுதிய அட்டையிலிருந்து அக்கா இரண்டு எடுத்துப் போடுவதும் இதே ஆபத்துதான். ஆண் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் கெடுதல் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் ஆணோ பெண்ணோ, சாப்பிடும் காலத்திலும் பிறகு ஒரு மாதமும் ரத்த தானம் செய்யக்கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

முகம் தெளிந்ததும் நிறுத்துவது

வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். மொத்தத்தில் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் உடம்பில் சேர வேண்டும். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 7,200 மில்லிகிராம். தினம் 40 என்றால் 180 நாள், தினம் 20 என்றால் 360 நாள். இரண்டாம் மாதமே கண்ணாடியில் தெளிவு தெரியும், அங்கேயே விட்டுவிட்டால் பரு திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டாதீர்கள்.

வெறும் வயிற்றில் டீயோடு போடுவது

இந்த மருந்து கொழுப்பில்தான் கரையும். வெறும் வயிற்றில் போட்டால் பாதி அளவுகூட ரத்தத்தில் ஏறாமல் போகலாம். ஆறு மாதம் சாப்பிட்டும் கேட்கவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது போடுகிறீர்கள் என்பதுதான். விடிகாலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பொரித்த மீன், முட்டை, தேங்காய்ப்பால் குழம்பு, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் ரமலானில் நோன்பு வைப்பவர்கள் நோன்பு திறந்து வயிறாரச் சாப்பிட்ட கையோடு போடலாம்.

பழைய மாத்திரையையும் சேர்த்துப் போடுவது

மிச்சமிருக்கும் டாக்சிசைக்ளினையோ மினோசைக்ளினையோ இதோடு சேர்த்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறலாம். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று ஆரம்பித்துக் கண்ணையே பாதிக்கும். காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மருந்தைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையும் ஈரல் எண்ணெய்க் குளிகையும் கூடாது. சுறாப் புட்டுக்குத் தடையில்லை. சுறா ஈரலும் அதிலிருந்து எடுக்கும் எண்ணெயும்தான் ஆகாது. மது ஏற்கெனவே வேலை கூடியிருக்கும் கல்லீரலை மேலும் படுத்தும்.

கடல் வெயிலையும் உப்புக்காற்றையும் மறப்பது

இந்த மாத்திரை தோலை மெல்லிசாக்கி உலர்த்தும். மேலிருந்து வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் இரண்டையும் வாங்கும் முகம் சீக்கிரம் கருகும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்க இறங்கும் பெண்களுக்கு வெடித்த உதட்டில் உப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல் தாங்காது. இறங்குவதற்கு முன் உதட்டிலும் மூக்கின் உள்விளிம்பிலும் வாசலின் கெட்டியாகத் தடவிக்கொள்ளுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் முகத்தை அலசி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். மூக்கில் லேசாக ரத்தம் வருவது சகஜம்.

ராத்திரித் தொழிலுக்குப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிலருக்கு இருட்டில் பார்வை குறையும், அதுவும் திடீரென்று குறையும். கரையின் விளக்கு, வலையின் மிதவை வழக்கம்போலத் தெரியவில்லை என்றால் படகு ஓட்ட வேண்டாம், பைக்கும் வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். வலை இழுப்பது போன்ற கடுமையான வேலைக்குப் பிறகு தசைவலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வேக்சிங் வேண்டவே வேண்டாம், தோலோடு உரிந்து வரும். மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் வரை இதே எச்சரிக்கைதான்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

தொடங்கும் முன் ஒருமுறை, ஒன்று இரண்டு மாதத்தில் மறுமுறை கல்லீரல் சோதனையும் கொழுப்புச் சோதனையும் தேவை. ராமநாதபுரம் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தால் காலைப் பேருந்துக்கு முன் டீகூடக் குடிக்காதீர்கள். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 10, 12 மணி நேரம் சாப்பிடாமல் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அது 500-ஐத் தாண்டினால் கணைய வீக்கத்தின் பயம் இருப்பதால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். முதுகுவரை துளைக்கும் வயிற்றுவலி, கண் மஞ்சளாவது, காய்ச்சலோடு மூட்டுவலியும் புண்ணான பருக்களும் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது.

மனநிலையையும் வீட்டார் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரைதான் காரணமா, முகத்தால் வந்த வேதனையா என்று பிரிப்பது கடினம். பிள்ளை பேச்சைக் குறைத்து, தூக்கம் கெட்டு, சாவைப் பற்றிப் பேசினால் அதை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தி, தனியாக விடாமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றாலும் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்தால் ஆலோசனை கிடைக்கும்.