ஃபெர்மி தரவில் காமா கதிர் வெடிப்பைப் பிடிப்பது எப்படி? (அந்த ஐந்து நொடிச் சிக்கல் உட்பட)

ஃபெர்மி விண்தொலைநோக்கியின் தரவு எல்லோருக்கும் இலவசம். அதை இறக்கி, ஒரு காமா கதிர் வெடிப்பை (வானில் திடீரென மின்னி மறையும் ஆற்றல்மிக்க கதிர்வீச்சு) என் கணினியிலேயே பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகள் ஆயின. அதில் இரண்டைத் தின்றது வெறும் ஐந்து நொடிப் பிழை. பைத்தான், நம்பை ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழகுவதற்கு 2017 ஆகஸ்ட் 17 வெடிப்பை எடுங்கள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி, ஈர்ப்பலையும் காமா கதிரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்த நாள் அது. வெடிப்பு மங்கல்தான். ஆனால் விடை தெரிந்த கணக்கு, சரிபார்த்துக்கொள்ளலாம்.

1. இறக்குதல்

நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் ஃபெர்மி ஜி.பி.எம். (ஃபெர்மியில் உள்ள, வெடிப்புகளைக் கண்காணிக்கும் கருவி) டிரிகர் பட்டியலுக்கு, அதாவது கருவி விழித்துக்கொண்ட தருணங்களின் பட்டியலுக்குப் போய் 170817529 என்று தேடுங்கள். முதல் ஆறு இலக்கம் தேதி. 529 என்பது அந்த நாளில் கழிந்த பின்னம். ஜி.பி.எம்.மில் 12 சோடியம் அயோடைடு உணரிகள் உண்டு. நமக்கு 1, 2, 5 ஆகிய மூன்றின் டி.டி.இ. கோப்புகள் போதும். ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரம் 2 மைக்ரோநொடித் துல்லியத்தில் அதில் இருக்கும். விண்கலம் எந்த நொடியில் எங்கே, எப்படித் திரும்பியிருந்தது என்று சொல்லும் அன்றைய பொசிஷன் ஹிஸ்டரி கோப்பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பைத் திறக்க ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பு. எல்லாவற்றையும் தானே செய்து தரும் தொகுப்புகளும் இருக்கின்றன, நல்லவைதான். ஆனாலும் முதல் தடவை கையால் செய்யுங்கள் என்றே சொல்வேன். அப்போதுதான் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

2. மேட்டைப் பார்த்தல்

50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஃபோட்டான்களை மட்டும் வடிகட்டி, 256 மில்லிநொடிக் கட்டங்களில் எண்ணி வரையுங்கள். எண்ணிக்கை மேடு போல் எழும் இடம்தான் வெடிப்பு. 64 மில்லிநொடிக்கு இறங்கினால் இந்த வெடிப்பு இரைச்சலில் கரைந்துவிடும். மூன்று உணரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தெரியும் மேட்டை நம்பக் கூடாது. ஜி.பி.எம்.மும் குறைந்தது இரண்டு உணரிகளில் பின்னணியைத் தாண்டினால்தான் டிரிகர் ஆகும்.

3. நேரம்: நான் மாட்டிக்கொண்ட இடம்

கோப்பில் டிரிகர் நேரம் 524666471.47 என்று இருக்கும். 2001 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (உலக நேரம்) கழிந்த நொடிகள் அவை. பைத்தானின் டேட்டைம் நூலகத்தில் கூட்டினேன்: 12:41:11 வந்தது. அறிவிக்கப்பட்ட டிரிகர் நேரமோ 12:41:06. கோப்பு தவறா, உணரி தவறா என்று எங்கெங்கோ தேடினேன். கடைசியில் பார்த்தால் லீப் நொடி! பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடி அது. 2005, 2008, 2012, 2015, 2016 என ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு லீப் நொடி உலக நேரத்தில் சேர்க்கப்பட்டது. ஃபெர்மியின் கடிகாரம் அவற்றையும் எண்ணியிருக்கிறது. டேட்டைம் நூலகத்துக்கு லீப் நொடி என்ற ஒன்றே தெரியாது. ஆஸ்ட்ரோபையின் டைம் பகுதியில் கூட்டினால் தானாகச் சரியாகிவிடும்.

ஐந்து நொடிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டியது இந்த இரண்டு சைகைகளுக்கும் இடையிலான 1.74 நொடி. அதில் ஐந்து நொடி பிசகினால் என்ன மிஞ்சும்?

4. திசை

உணரியின் முகத்துக்கு நேரே வெடித்தால் எண்ணிக்கை அதிகம். 60 டிகிரி சாய்ந்தால் சுமார் பாதி. அதாவது கோசைன். வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளில் ஒரு கோடு பொருத்திப் பின்னணியைக் கழியுங்கள். மிஞ்சும் மூன்று எண்ணிக்கைகள், மூன்று உணரிகளின் திசை வெக்டர்கள்: மூன்று சமன்பாடு, நேரடியாகத் தீர்க்கலாம். விடையாக வரும் வெக்டரின் நீளம் பலம், திசை வெடிப்பின் திசை. அது விண்கலத்தின் பார்வையில் உள்ள திசை. வானத்துக்கு மாற்ற, பொசிஷன் ஹிஸ்டரியில் அந்த நொடிக்குரிய குவாட்டர்னியனை (விண்கலம் எப்படித் திரும்பியிருந்தது என்று சொல்லும் நான்கு எண்கள்) எடுத்துச் சுழற்றுங்கள். நான்கு எண்களில் கடைசியானதுதான் மெய்ப்பகுதி.

விடை, அந்த மோதல் நடந்த என்.ஜி.சி. 4993 கேலக்ஸியிலிருந்து (வானில் அதன் இடம்: வல ஏற்றம் 197.45, நடுவரை விலக்கம் −23.38 டிகிரி) வெகுதூரம் தள்ளி வந்தால் பதற வேண்டாம். பூமியின் வளிமண்டலத்திலும் விண்கலத்திலும் பட்டுச் சிதறி வரும் கதிர்களை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதையெல்லாம் எடுத்த ஜி.பி.எம். குழுவின் மையமே 24 டிகிரி தள்ளித்தான் இருந்தது.

பின்சேர்க்கை: "டிரிகர் நேரத்திலிருந்து ஈர்ப்பலை நேரத்தைக் கழித்தால் 2.04 நொடி வருகிறதே, 1.74 எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. டிரிகர் என்பது கருவி விழித்துக்கொண்ட கணம். வெடிப்பு அதற்குச் சுமார் 0.3 நொடி முன்பே தொடங்கிவிட்டது. டிரிகருக்கு முந்தைய கட்டங்களையும் வரைந்து பாருங்கள், அந்த ஏற்றம் தெரியும்.

இன்னொன்று: பொசிஷன் ஹிஸ்டரியில் நேரத்துக்கான பத்தியின் பெயரில் யு.டி.சி. என்றே இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிலிருப்பதும் 2001-லிருந்து எண்ணிய அதே நொடிகள்தான்.